பாண் ஓட்டோ வர முன்னம்

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் ஐந்தரைக்கு, பாணும் பணிஸும் விற்கிற பாண் ஓட்டோ வரும். அதன் பாட்டு சந்தியில் கேட்கும்போதே வாய் ஊறும். கிளிநொச்சியில் கந்தோர் முடிந்து, பஸ்ஸுக்கு நின்று, வந்து நான் படலையைத் திறக்கிற நேரமும் அதுதான். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சோறு அதற்குள் எங்கே போனதென்று தெரியாது. கைப்பையை உள்ளே வைக்காமலே இரண்டு மாலுபணிஸ் வாங்குவேன். பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கிறீம் பணிஸும் வாங்குவேன், அதிலும் பாதி எனக்குத்தான். கூடவே இரண்டு கரண்டி சீனி போட்ட பால்த் தேத்தண்ணி. பிறகு எட்டு மணிக்கு, ஒன்றுமே சாப்பிடாதவள் மாதிரி இரவுச் சாப்பாடு.

இது பல வருடப் பழக்கம். உடம்பு கூடக் கூட நான் சோற்றைத்தான் குற்றம் சொன்னேன். ஐந்தரை மணியை நினைக்கவேயில்லை.

2025 தைப்பொங்கல் கழிந்த கிழமை கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள். நிறை 79 கிலோ, உயரம் 157 சென்ரிமீற்றர், இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர், வெறுவயிற்றில் சீனி 118. எனக்கு வயது 43. அங்கிருந்த தாதி தங்கச்சி தாளில் கோடு போட்டுக் காட்டினா. “126 எண்டால் சலரோகம் அக்கா. 100க்குக் கீழ எண்டால் பயமில்லை. நீங்கள் நடுவில நிக்கிறியள், எந்தப் பக்கமும் போகலாம்.” தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலே கவனம் வேண்டுமாம். உடல் நிறைச் சுட்டெண்ணும் எங்கள் ஆட்களுக்கு 23இல் இருந்தே யோசிக்க வேண்டியது. என்னுடையது 32.

அன்றைக்கு என்னைப் பயமுறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பிய கணக்கு ஒன்று உண்டு. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், என்னைப் போல நடுவில் நின்றவர்களுக்கு உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதுபோல உடம்பை அசைப்பதும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. அப்படிச் செய்தவர்களுக்குச் சலரோகம் வருவது 58 சதவீதம் குறைந்தது. 79 கிலோவில் 7 சதவீதம் ஐந்தரைக் கிலோ. பழைய கலியாணப் படத்தில் இருக்கிற உடம்புக்குத் திரும்பிப் போ என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தரைக் கிலோ, அவ்வளவுதான்.

அதற்கு முன்னமும் முயன்றிருக்கிறேன். இரவில் பட்டினி கிடந்தேன். ஓட்ஸ் வாங்கி மூன்று கிழமை கசாயம் மாதிரிக் குடித்தேன். இரண்டும் நிலைக்கவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறார்கள். அந்தப் பத்தில் அறிவும் ஒன்று. பசியோடு நிற்கும்போது என்ன சாப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கினால் பாண் ஓட்டோதான் வெல்லும். ஆகவே பசி இல்லாத நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலமை, வயிறு நிறைந்திருக்கும்போதே கிழமை முழுவதற்கும் தீர்மானித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் என் உடம்பு திரும்பியது அதில்தான்.

தொடக்கம் பிழையாகத்தான் போனது. யூரியூப்பில் பார்த்ததை அப்படியே செய்தேன். பத்துப் பிளாஸ்ரிக் பெட்டி வாங்கினேன். ஞாயிறு முழுக்க நின்று ஐந்து நாளுக்கும் சோறு, தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறி, பால் விட்ட போஞ்சி, பால் விட்ட பருப்பு எல்லாம் சமைத்து அடுக்கினேன். செவ்வாய் பின்னேரம் பிரிட்ஜைத் திறந்தால் பருப்பில் புளித்த மணம். புதன் மத்தியானம் கந்தோரில் பெட்டியைத் திறந்தேன், போஞ்சி நூல் விட்டிருந்தது. அன்று மாலை ஐந்தரைக்கு நான் எங்கே நின்றிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. வன்னி வெக்கையில் தேங்காய்ப்பால் கறி கிழமைச் சாமான் இல்லை. அதுவும் சூடு ஆற முன்னம் பெரிய சட்டியோடு பிரிட்ஜுக்குள் தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். நான் செய்தது அதுதான்.

நாலாவது ஞாயிறு பெப்ரவரி 9. நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் அது. பாணந்துறையில் துணை மின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்தது என்று செய்தியில் சொன்னார்களே, அந்த நாள். காலமை சமைத்து உள்ளே வைத்து இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. கதவைத் திறக்காவிட்டால் பிரிட்ஜ் ஏறத்தாழ நாலு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும், நிறைந்திருக்கிற ஃபிரீசர் இரண்டு நாளும் தாக்குப் பிடிக்கும் என்று பிறகு படித்தேன். அன்று தெரியாது. பத்து நிமிடத்துக்கொருக்கால் திறந்து திறந்து பார்த்தேன். சமைத்தது எல்லாவற்றையும் பின்னேரம் கொட்டினோம். அம்மா கொட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றா.

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2009இல் எங்களோடு முள்ளிவாய்க்கால் வரைக்கும் வந்தவ. உப்பும் அரிசியும் தண்ணீருமான கஞ்சிக்குப் பேணியோடு வரிசையில் நின்றவ. பிறகு செட்டிகுளம் முகாமிலும் வரிசை. நான் சமையல் தராசு வாங்கி, என் சோற்றை நிறுத்துப் போடத் தொடங்கிய கிழமை அம்மா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஒரு இரவு கேட்டா: “அங்கதான் அளந்து தந்தவங்கள். இப்ப மூட்டையில அரிசி கிடக்கேக்க நீ ஏன் பிள்ளை அளந்து தின்னுறாய்?” எனக்கு மறுமொழி வரவில்லை. அடுத்த நாள் தராசை அலுமாரிக்குள் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அளவு வேண்டும். அம்மாவின் கண்ணுக்குச் சாப்பாட்டுக் கோப்பை நிறைந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கியது மரக்கறிதான். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீன் அல்லது பருப்பு வகை, மிச்சக் கால்வாசிக்குச் சோறு. முன்னம் எங்கள் வீட்டில் சோறு மலை, கறி அதன் அடிவாரம். இப்போது முருங்கையிலை வறை ஒரு கை நிறைய, பூசணிக்காய் ஒரு அகப்பை, வெள்ளரிக்காய்ச் சம்பல் ஒரு பக்கம், நடுவில் சோறு. கோப்பை நிறைந்துதான் இருக்கிறது. அம்மா மூன்றாம் நாள் எட்டிப் பார்த்து, “இது பரவாயில்லை” என்றா. அன்றிலிருந்து அரிசி அளக்கிற வேலையையும் அவவிடமே கொடுத்துவிட்டேன். பழைய பால்பேணியில் அள்ளி, உள்ளங்கையால் தலை வழித்து, வழித்ததில் சிந்தினதைத் திரும்ப மூட்டைக்குள் போடுவா. எங்கள் பேணி ஒன்று தலை வழித்தால் 230 கிராம், இதை அம்மா பார்க்காத நேரம் ஒருக்கால் நிறுத்துப் பார்த்தேன். முன்னம் ஐந்து பேருக்கு மூன்று பேணி, இப்போது இரண்டு. வயலில் நிற்கிற என் கணவருக்கும் வளருகிற பிள்ளைகளுக்கும் குறைக்கவில்லை. குறைந்தது என் பங்கும், சட்டியில் மிஞ்சிக் கிடந்து இரவில் நானே துடைத்த பங்கும்தான். வீட்டில் ஒருவர் மெலிய எல்லாரையும் காய விடக்கூடாது.

அரிசியைப் பற்றி ஒரு பிழையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரி சிவப்பரிசிக்கு மாறினேன், நல்லது. தவிடு இருப்பதால் நார் கூட, வயிறும் தாங்கும். ஆனால் சிவப்பு என்றால் மருந்து என்று நினைத்து இன்னும் ஒரு அகப்பை போட்டேன். சமைக்காத அரிசி 100 கிராமில், வெள்ளையோ சிவப்போ, 350 கலோரிக்குக் கிட்ட இருக்கும். குரக்கன் மாவும் அதற்குப் பெரிய தூரத்தில் இல்லை. குரக்கன் பிட்டு என்றதும் நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஞாயிறு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இங்கேதான் எனக்குப் பத்து மாதம் பிடித்தது.

முழுச் சாப்பாடு சமைத்து வைப்பதில்லை. பாதி வேலையைச் செய்து வைக்கிறேன். கிளிநொச்சிச் சந்தையில் சனி வாங்கின மரக்கறியில் பயற்றங்காய், போஞ்சி, கரட், கோவா இவற்றைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, வெட்டிப் பெட்டியில் மூடினால் மூன்று நாலு நாள் நிற்கும். கத்தரிக்காயை முன்னம் வெட்டினால் கறுக்கும், வெண்டிக்காய் வழுவழுக்கும், அவற்றை அன்றன்றைக்கே. முருங்கையிலையை ஞாயிறு மத்தியானம் அம்மாவும் மகளும் சுளகில் உருவுவார்கள். கழுவாமல், ஒரு துண்டுத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் புதன் வரைக்கும் பச்சையாக இருக்கும். கழுவி வைத்தால் செவ்வாய்க்கே அழுகும். இந்தக் கழுவாத விஷயத்தைக் கண்டுபிடிக்க நான் மூன்று கட்டு இலை எறிந்தேன்.

கடலையும் கௌபியும் சனி இரவு ஊற விடுவது. ஞாயிறு உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை வடித்து, ஆறவிட்டு இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பங்கு பிரிட்ஜில் புதன் வரைக்கும், மற்றது ஃபிரீசரில் வெள்ளி வரைக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி, அன்றைக்கு மீனின் இடத்தில் இது நிற்கும். பருப்பையும் பால் விடாமல் கெட்டியாக அவித்து வைத்தால் மூன்று நாள் பிழையில்லை. வேண்டிய அளவை எடுத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, பால் வேண்டுமானால் அந்த நேரம் இரண்டு கரண்டி கப்பிப்பால்.

மீன்காரர் ஞாயிறு ஏழரைக்கு மோட்டார்சைக்கிளில் வருவார். முல்லைத்தீவுக் கடல்மீன் இருந்தால் பாரை அல்லது சூடை, இல்லாவிட்டால் இரணைமடுக் குளத்துத் திலாப்பியா. துப்புரவாக்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, ஒரு நேரத்துக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் வைப்பேன். என் பங்கு, விரல்களை விட்டு என் உள்ளங்கை அளவு. முதல் நாள் இரவே ஒரு பொட்டலத்தைக் கீழ்த் தட்டுக்கு இறக்கி விடுவேன். வெளியில் மேசையில் வைத்து உருக விடுவதில்லை. ஒன்றை மட்டும் அன்றே சமைப்பேன்: பழப்புளி விட்ட, தேங்காய்ப்பால் இல்லாத மீன்குழம்பு. அது செவ்வாய் வரைக்கும் நன்றாக நிற்கும், திங்களில்தான் இன்னும் ருசி. பொரிப்பது கிழமைக்கு ஒருநாள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்று தெரிந்த பிறகு தாச்சியில் எண்ணெயைப் போத்தலோடு சரிக்கக் கை கூசுகிறது. இப்போது கரண்டியால்தான்.

சோறு அன்றன்றைக்குத்தான். சமைத்த சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடுப்பங்கரையில் விடக்கூடாது. அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து சமைத்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் பெருகி நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அவசரக் கிழமை என்றால் மட்டும் ஒருநாள் சோற்றைத் தட்டையாகப் பரப்பி, கெதியில் ஆறவிட்டு, பிரிட்ஜில் வைத்து அடுத்த நாளே முடிப்போம்.

தேங்காயைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் ஒரு நாளுக்கு ஒரு தேங்காய், சம்பல் என்றால் ஒன்றரை. தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. அது நஞ்சு என்று சொல்ல வரவில்லை, எங்கள் மண்ணின் ருசியே அதுதான். ஆனால் பருப்பிலும் பால், சொதியிலும் பால், வறையிலும் பூ, பக்கத்தில் சம்பல். ஒரே கோப்பையில் நாலு இடத்தில் தேங்காய். இப்போது ஒரு நேரத்துக்கு ஒரு இடத்தில்தான். சொதி வைக்கிற நாள் சம்பல் இல்லை, சம்பல் இடிக்கிற நாள் சொதி இல்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியிருந்ததால் வீட்டில் ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை.

இவ்வளவு செய்தும், எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது ஒரு சின்னப் பெட்டி. அவித்த கடலை 100 கிராம் அளவு, கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் அரைக் கரண்டி எண்ணெயில் தாளித்தது. ஒவ்வொரு காலமையும் கைப்பைக்குள் போகும். கந்தோர் முடிந்து பஸ் நிலையத்தில் நிற்கிறபோது, பசி நெஞ்சைக் கிள்ளத் தொடங்க முன்னம், நாலரைக்குச் சாப்பிடுவேன். 165 கலோரிக்குக் கிட்ட, 9 கிராம் புரதம். வயிறு இரவு ஏழரை வரைக்கும் பேசாமல் இருக்கும். ஐந்தரைக்கு ஓட்டோ வந்து பாட்டுப் பாடினாலும் அது பிள்ளைகளுக்குப் பாண் வாங்குகிற பாட்டாக மட்டும் கேட்கத் தொடங்கியது இரண்டாவது மாதத்தில்.

நடை பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாய்க்கால் ரோட்டில் காலமை அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். மழைக்கு நின்றுபோகும், பிறகு தொடங்கும்.

ஜூன் தொடக்கம் ஏழு கிழமை நிறை அசையவில்லை. 73இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெட்டிகள் எல்லாம் ஒழுங்கு, சோறு ஒழுங்கு. கடைசியில் மகன்தான் சொன்னான், “அம்மா, ரீவி பாக்கேக்க நீங்கள் கச்சான் சாப்பிடுறியள்.” ஏ9 வீதியில் வறுத்த கச்சான் பை ஒன்று வாங்கி வருவது என் வழக்கம். கச்சான் நல்ல சாமான்தான், ஆனால் 100 கிராமில் 570 கலோரி அளவு. நான் கோது உடைத்து உடைத்து ஒரு இரவில் அவ்வளவையும் முடித்திருக்கிறேன். இப்போது கச்சானும் ஞாயிறே சின்னச் சின்னப் பைகளில் ஒரு கைப்பிடி அளவாகப் போகிறது. ஓகஸ்ட்டில் நிறை திரும்ப இறங்கத் தொடங்கியது.

விசேட நாட்களுக்குத் திட்டம் வைப்பதில்லை. புளியம்பொக்கணைப் பொங்கலுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போனோம், கொடுத்ததைச் சாப்பிட்டோம். செத்தவீட்டுச் சோற்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வருடத்தில் அப்படி இருபது முப்பது நாள் வரும். மிச்ச நாட்கள்தான் நிறையைத் தீர்மானிக்கின்றன. அந்த இருபதுக்காகக் கவலைப்பட்டு, அடுத்த நாள் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கைவிடுகிறவர்களை எங்கள் கந்தோரிலேயே பார்த்திருக்கிறேன். பட்டினி கிடக்க வேண்டாம். அடுத்த நாள் பெட்டியைத் திறவுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் சோற்றைத் திடீரென்று குறைக்க முன்னம் கிளினிக்கில் கதையுங்கள். மருந்து அதே அளவில் இருக்கச் சாப்பாடு மட்டும் குறைந்தால் சீனி கீழே விழுந்து மயக்கம் வரலாம். எங்கள் அயலில் ஒரு ஐயா என்னைப் பார்த்துத் தொடங்கி, பத்து மணிக்கு வயலில் வேர்த்து விழுந்தார். நல்ல காலம், பக்கத்தில் ஆள் இருந்தது.

ஒக்டோபரில் கிளினிக்கில் நிறை 70, இடுப்பு 89, வெறுவயிற்றில் சீனி 101. 100க்குக் கீழ் இன்னும் வரவில்லை. முழங்கால் நோ குறைந்தது தாளில் எழுதுகிற விஷயம் இல்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிது. கோயிலில் நிலத்தில் இருந்து கை ஊன்றாமல் எழும்புகிறேன்.

ஆரம்பத்தில் எதிர்த்த அம்மாதான் இப்போது ஞாயிறின் பொறுப்பாளர். நான் இதை யூரியூப்பில் படித்தேன், அவ சின்னனில் இருந்து செய்தவ. மாரிக்கு முன்னம் பாவற்காயும் கத்தரிக்காயும் வத்தல் போடுவது, மோர்மிளகாய், ஒடியலும் புழுக்கொடியலும் காயவைப்பது, மா வறுத்து ரின்னில் அடைப்பது எல்லாம் பின்னுக்கு வரப்போகிற பசியை முன்னுக்கே நினைத்துச் செய்த வேலைதானே. போன ஞாயிறு மழை. பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற தாளை நான் எழுதிக்கொண்டிருந்தேன். திங்கள் மீன்குழம்பும் பயற்றங்காயும், செவ்வாய் பருப்பும் முருங்கையிலையும் என்று போய்ப் புதனுக்கு என்ன என்று யோசித்தேன். அம்மா சுளகில் இருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னா: “புதனுக்குக் குரக்கன் பிட்டு எழுது. மா நேற்றே வறுத்திட்டன். உனக்கு ஒரு குழல் மட்டும்.”